அத்தை முடிந்து வைத்த காசு

சங்கரம்மாள் அத்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் கழுவியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. முருகன் படத்துக்குப் பின்னால், ஆணியில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய். தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் அக்காள். கல்யாணமான கொஞ்ச நாளில் புருசனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி எங்களை வளர்த்தாள். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கல்லூரிக்குப் போகும்வரை எனக்கு வேறு ஆபீஸ் தெரியாது.

எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போனாலும், அத்தை ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து நேர்ந்துகொள்வாள். யாருக்காக, எந்தச் சாமிக்கு என்று சொல்ல மாட்டாள். சொன்னால் பலிக்காதாம். காரியம் நல்லபடியாக முடிந்தால் ஒருநாள் விடியுமுன்னே எழுப்புவாள்: "ஏட்டி காவியா, பொறப்படு." கழுகுமலையா, இருக்கன்குடியா, திருச்செந்தூரா என்பது பஸ் ஏறும்போதுதான் தெரியும்.

வீட்டின் முதல் பட்டதாரி என்ற மிதப்பில் ஒருமுறை கேட்டேன்: "அத்தை, முடிச்சுப் போடலேன்னா ஒங்க சாமி மறந்துருமோ?"

"வாயாடாத. ஒம் பரிச்சைக்குக் காசு முடிஞ்சப்ப மட்டும் இனிச்சுதாக்கும்?"

கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது. சாமி படங்களைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டுவாள். திருநீறு கேட்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் அள்ளிப் பூசினோம். கண்ணீர் வழியும். "மதினி பக்தியில அழுதாவ" என்றாள் அம்மா.

முடிச்சைக் காட்டியதும் அம்மாவின் முகம் வெளுத்தது. மறுநாள் காலை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் என் அக்கா ஐஸ்வர்யாவுக்கு ஆபரேசன். ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதால் எட்டாம் மாதத்திலேயே பிள்ளையை எடுக்கிறார்கள்.

"ஐசு உண்டானப்ப முடிஞ்சதாத்தான் இருக்கும். அதத்தான் காட்டிக்காட்டி அழுதிருக்காவ. நாம துன்னூறப் பூசிருக்கோம். எந்தச் சாமின்னு தெரியலயேட்டி!"

"அவுத்துப் பாப்பமா?"

"தொடாத! செலுத்தாம அவுக்கப்பிடாது."

வெறும் காசும்மா என்று சொல்லியிருக்கலாம். ரத்தக்கொதிப்பு ஏன் ஏறுகிறது என்று படித்தே வைத்திருந்தேன். இருந்தும் அந்த ஆணிப் பக்கம் பார்க்க முடியவில்லை. எந்தச் சாமி என்று தெரிந்தால் காலிலாவது விழலாம். தெரியாத சாமியிடம் எப்படிக் கெஞ்சுவது?

அப்பாதான் வழி சொன்னார். "நம்ம அய்யனார்ட்ட ஒப்படைச்சுருவோம். அவரு சேக்க வேண்டிய எடத்துல சேத்துருவாரு."

விடிந்ததும் கடம்பூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வம் அய்யனார் கோயிலுக்குப் போனோம். மழை பெய்த கரிசல், ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. அய்யனார் காலடியில் முடிச்சை வைத்து அம்மா நெற்றி பதியக் கும்பிட்டாள். அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருந்த அவள் புருசன் முத்துசெல்வம். அப்பா எடுக்கவில்லை. அம்மா எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"பொம்பளப் பிள்ள காவியா. ஐசு நல்லா இருக்கா. பிள்ளைக்குத்தான் மூச்சுத் திணறுது. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

அப்பா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் துப்பட்டா முனையைக் கிழித்து, பீடத்தில் கிடந்த மஞ்சளில் புரட்டி, பையிலிருந்த ஒரு ரூபாயை வைத்து முடிந்தேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது; மறுபடி இறுக்கினேன்.

"எந்தச் சாமிக்கு ஏட்டி?" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.