வெர்னன் கட்டிய நீலச் சுவர்

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய கொட்டகை எரிந்துபோனால், சாம்பல் ஆறுவதற்குள் புதுக் கொட்டகைக்கு மரம் வந்து இறங்கிவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆண்கள் சுத்தியலோடும் பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களோடும் வந்து நிற்பார்கள். வேலி சாய்ந்தால் வருவார்கள். ஒன்றும் சாயாவிட்டாலும் காப்பிக்கு வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் தங்கை கணவர் வெர்னன் லாம்ப்ரைட், தம் வீட்டு நிலவறையைத் தாம் ஒருவராகவே நல்ல கூடமாக்கி முடிக்கப் போவதாகச் சொன்னார். ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார். பீட்ரூட் ஊறுகாய்க்கு நீண்ட கைகள் அப்படியே நின்றன.

"ஒத்த ஆளாவா?" என்றான் டெல்பர்ட். வெர்னனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், அதனால் அவனுக்கு வாய் கொஞ்சம் நீளும். "நோவாவே பேழை கட்டுறதுக்கு மூணு பசங்களக் கூட வச்சுக்கிட்டாருடா!"

"அவருக்கு மழை வர்ற அவசரம். எனக்கென்ன?" என்றார் வெர்னன்.

வெர்னன் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. வெளியார் கோடையில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த வீட்டு வண்டிகளைச் செய்யும் ஆலையில் அவருக்கு வேலை. இருட்டோடு போய் மதியத்துக்கு மேல் திரும்பிவிடுவார். உதவிக்கு நான் சுத்தியலோடு போய் நின்றபோது என்னை வாசலிலேயே மறித்து, காப்பி கொடுத்து, காரணத்தைச் சொன்னார்.

"மச்சான், எனக்கு அங்க என்ன வேல தெரியுமா? இடப்பக்கத்து ஜன்னல். கல்யாணம் ஆனதுலேர்ந்து அதே இடப்பக்கம்தான். வண்டி என் கைக்கு வரும்போது கூரை இருக்காது. என் கையவிட்டுப் போகும்போது கதவு இருக்காது. முழுசா ஒரு வண்டிய நான் பார்த்ததே இல்ல. ஏதாவது ஒண்ணு, தரையிலேர்ந்து கூரை வரைக்கும், இது நான் செஞ்சதுன்னு இருக்கட்டுமே."

"இருக்கட்டும் மாப்ள. ஆனா பலகையத் தூக்கவாவது ஒரு கை வேணாமா?"

"உங்க கை பட்டா அது நம்ம செஞ்சது ஆயிடும்."

இதைக் கேட்டு நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்யும்போது அவர் பெயரைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

இதிலே என் தங்கை சலோமாவின் ஆசை ஒன்று இருந்தது. கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவச் சபைக்குத் தனியாகக் கோயில் கட்டடம் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் சபை கூடும். சலோமாவின் வீடு சின்னது. அவள் முறை வரும்போதெல்லாம் என் வண்டிச் சக்கரப் பட்டறையை ஒழித்துக் கொடுப்பேன், அங்கேதான் ஆராதனை. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்காரி அவள், நிற்பதோ என் மனைவி எட்னாவின் அடுக்களையில். "அண்ணி, உப்பு எங்க? அண்ணி, பெரிய கரண்டி எது?" என்று கேட்டுக் கேட்டுத்தான் பரிமாறுவாள். விருந்துக்கு அழைத்தவளும் அவளே, விருந்தாளியும் அவளே.

போன முறை பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்தபடி என்னிடம் சொன்னாள்: "அண்ணே, ஒரு தடவயாச்சும் என் வீட்ல வச்சுக் கும்பிடணும்ணே. ஆண்டவர் எப்பக் கண்ணத் திறப்பாரோ."

இதை வெர்னன் கேட்டிருக்க வேண்டும். சில நாளிலேயே மரச்சட்டங்கள் வந்து இறங்கின. அந்த ஆண்டுக் கடைசியில் வரப்போகும் முறைக்குள் முடித்தாக வேண்டும் என்பது கணக்கு.

படிக்கட்டின் தலைப்பில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, முடியும்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மேலிருந்து சத்தம் மட்டும்தான் கேட்கலாம். தட்டும் சத்தம், அறுக்கும் சத்தம், நடுநடுவே அவரே தமக்குச் சொல்லிக்கொள்ளும் "ஆங், அப்படித்தான்." அவருடைய நான்கு பெண் குழந்தைகளும் போர்வைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்து, ஆளுக்கொரு சேதி கொண்டுவந்தார்கள். அப்பா குளிர் வராமல் சுவரில் பஞ்சு அடைக்கிறார். அப்பா ஆணியைத் தேடுகிறார். அப்பா ஆணிமேலே உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் நான் பால் கொண்டுபோனேன். சலோமா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, சாப்பிடக் கூப்பிட்டா, 'இதோ வந்துட்டேன்'னு சொல்றார், வரல. நான் இறங்கக் கூடாதாம். நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

போர்வையை விலக்கி இறங்கினேன். கூரைக்கு ஜிப்சம் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலகை கூரையில் இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்தது அவர் தலை. இரண்டு கையும் மேலே. திருகாணி டப்பா ஏணிக்கு அப்பால், எட்டாத தூரத்தில். தாடி முழுக்க மாவு கொட்டிய மாதிரி வெள்ளை.

"மாப்ள, எவ்வளவு நேரமா இப்படி நிக்கிறீங்க?"

"சலோமா முதல் தடவ கூப்பிட்டதுலேர்ந்து."

"புடிக்கவா?"

"வேணாம் மச்சான், நல்லாத்தான் இருக்கேன்." கண்ணை மட்டும் டப்பா பக்கம் திருப்பினார். "அந்த டப்பாவ மட்டும் காலால இந்தப் பக்கம் தள்ளுங்க. காலால. கை வேணாம்."

தள்ளிவிட்டு மேலே வந்து, "உன் வீட்டுக்காரர் தலைல பாரம், இறக்கி வச்சுட்டு வருவார்" என்று சலோமாவிடம் சொன்னேன்.

எப்படியோ முடித்தார். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு சட்டத்தையும் நிறுத்தி, மூட்டுகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெளிர் நீலம் அடித்தார். கடைசியில் மரம் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சிய மரத்தைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை. படிக்கட்டு இறங்கியதும் எதிரே ஒரு சுவர் எழுப்பி, அதற்கும் நீலம் அடித்தார். அதில் வரிசையாக முளைகள் அடித்தார், சபைக்கு வருகிறவர்கள் தொப்பி மாட்ட. பக்கவாட்டில் ஒரு கதவு. இறங்கி, தொப்பியை மாட்டி, வலப்பக்கம் திரும்பி, கதவைத் திறந்தால் கூடம். பித்தளைக் குமிழ் வைத்த கதவு. போர்வையை எடுத்து அவர் காட்டியபோது சலோமா படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு பல நாள் ஜன்னலெல்லாம் கழுவினாள், கழுவிய ஜன்னலையே மறுபடியும் கழுவினாள்.

சபை கூடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பெஞ்சு வண்டி வந்தது. எங்கள் சபைக்கு உள்ள சொத்து அந்த ஒரு வண்டிதான். நீள நீளமான பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டு குதிரை இழுக்க வீடு வீடாகப் போகும். பெஞ்சு இறக்குவது பகலில் வீட்டிலிருக்கும் எங்களைப் போன்றவர்கள் வேலை. ஆலைக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கும். வெர்னன் அந்தப் பெஞ்சுகளில் பிறந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ஒன்றையாவது தூக்கியதில்லை. அன்றைக்குத்தான் சீக்கிரம் வந்து, கீழே பித்தளைக் குமிழைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முதல் பெஞ்சுக்கு முன்பக்கம் டெல்பர்ட், பின்பக்கம் நான். பாதிப் படியில் 'டொக்' என்று சத்தம்.

"என்ன நின்னுட்ட?" என்றேன்.

"சுவரு வந்துடுச்சு."

"வலப்பக்கம் திரும்பு."

"நான் திரும்பிட்டேன். பெஞ்சு திரும்பல."

சாய்த்துப் பார்த்தோம். நிறுத்தினால் கூரை இடித்தது. கவிழ்த்தால் கைப்பிடிச் சுவர் இடித்தது. வெளியே போய் நிலவறை ஜன்னலைப் பார்த்தோம், அதில் பூனைக்குட்டி நுழையலாம். திரும்பி வந்து மறுபடியும் முதலில் செய்ததையே செய்தோம். வெர்னன் முகம் அந்தச் சுவரைவிட வெளிறிப்போனது. ரசமட்டத்தை எடுத்துவந்து சுவரில் வைத்துப் பார்த்தார். சுவர் இம்மிகூடச் சாயவில்லை. அதில் அவருக்கு என்ன ஆறுதலோ!

"நல்ல கெட்டிச் சுவரு" என்றான் டெல்பர்ட். "எரிகோ பட்டணத்து மதில் மாதிரி. ஏழு சுத்துச் சுத்தி வந்து கத்தினா விழுமாடா?"

"சும்மா இருடா." வெர்னன் என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "மச்சான், உங்க பட்டறை காலியாத்தானே இருக்கு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். படிக்கட்டின் மேலே சலோமா நின்றிருந்தாள். கையில் மாவு. அவளுக்குப் பின்னால் மேசை முழுக்க ஆப்பிள் பணியாரத் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. பட்டறை காலியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆண்டவரே, நான் சொல்லும்படி ஆக்காதேயும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவள் மெல்லக் கேட்டாள்: "இந்தச் சுவரு எதுக்குங்க?"

"தொப்பி மாட்ட."

"மாட்டாட்டி?"

"என்ன, கட்டில் மேல போடுவாங்க. எல்லார் வீட்லயும் அப்படித்தானே."

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அழத்தான் போனாள் என்று நாங்கள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படியில் காலடி கேட்டது. பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தவள், எங்களைத் தாண்டி இறங்கி, சுவரின் அடியில் அதை உதறி விரித்து, மூலைகளைக் காலால் நீவிவிட்டாள்.

"தூசி பறக்கும்ல. தரை துடைச்சு வச்சிருக்கேன்" என்றாள். "மறுபக்கமும் ஒண்ணு விரிக்கிறேன். அப்புறம் அறுங்க."

வெர்னன் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இப்பத்தான் பெயிண்ட் நல்லாக் காஞ்சுது" என்றார், யாரிடமோ.

"ரம்பத்த என்கிட்டக் குடு, ஒரு நிமிஷத்துல..." என்று டெல்பர்ட் ஆரம்பித்தான்.

"நீ தொடாத. கட்டினவன் நான், அறுக்குறவனும் நான்."

பென்சிலால் கோடு போட்டுத்தான் அறுத்தார். இடிக்கப்போகிற சுவருக்கும் ரசமட்டம் வைத்துக் கோடு போட்ட ஒரே மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். கோடு முழங்காலுக்குக் கீழே தொடங்கி ஒரு ஆளின் தோள் உயரம் வரை போனது. ஒரு சட்டம் விழுந்தது. அடுத்த சட்டத்தை அறுக்கும்போது மேலே பலகை ஆட ஆரம்பித்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்துப் பார்த்தார். தலையைக் கொடுத்துப் பார்த்தார். தலை எட்டவில்லை.

"மச்சான்" என்றார், திரும்பாமலே. "அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் புடிங்க."

"கையாலயா, காலாலயா மாப்ள?"

"புடிங்க மச்சான், விழுது!"

அன்று இருட்டுவதற்குள் பெஞ்சுகள் எல்லாம் படியிலிருந்து நேராக ஓட்டை வழியே கூடத்துக்குள் போய் இறங்கின. ஓடை நீர் மாதிரிப் போயின என்று டெல்பர்ட் பத்துப் பேரிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிகள் வந்தன. ஓட்டையைச் சுற்றிப் பிசிறில்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார் வெர்னன். இருந்தாலும் அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பித்தளைக் குமிழில் கை வைத்து, ஓட்டையைத் தம் உடம்பால் மறைத்தபடி நின்றார். உடம்பு ஒல்லி, ஓட்டை பெரிசு.

எங்களில் ஊழியக்காரர்கள்தான் முதலில் உள்ளே போவார்கள், மற்றவர்கள் வயதுப்படி பின்னால். மூப்பர் ஓரா நெட்டையான கிழவர். படி இறங்கினார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். வெர்னனைப் பார்த்தார். வெர்னனுக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஒரு முளையில் மாட்டினார். பிறகு வெர்னனின் தோளைத் தொட்டு மெல்ல நகர்த்தி, முதுகை வளைத்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, ஓட்டை வழியே உள்ளே போய்விட்டார்.

மூப்பரே போன பிறகு யார் கதவைத் தேடுவார்கள்? கிழவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னால் நுழைந்தார்கள். டெல்பர்ட் நுழையும்போது, "கதவு அருமைடா. குளிரடிக்குது, சாத்திடு" என்றான். சபை முழுக்க அன்றைக்குத் தலை குனிந்துதான் அந்த வீட்டுக் கூடத்துக்குள் வந்தது.

கடைசியில் வெர்னன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தாமும் குனிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு எண் சொல்லியாயிற்று. அவர் என் காதில் கிசுகிசுத்தார்:

"மச்சான், இதுக்கு ஒரு நிலை வச்சுட்டா, இதுவே நல்ல வாசல்தான் இல்ல?"

"வச்சுடலாம் மாப்ள. எப்ப வரட்டும்?"

"செவ்வாக்கிழம. டெல்பர்ட்டயும் கூட்டிட்டு வாங்க." மறுபடியும் என் பக்கம் சாய்ந்து, "ஆனா பெயிண்ட் நான்தான் அடிப்பேன்."

"அடிங்க, யார் வேணாங்கிறா? கதவ என்ன செய்யப் போறீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து சலோமா எங்களைப் பார்த்து முறைத்தாள். என் வீட்டில் சபை கூடியிருக்கும்போது என்ன பேச்சு என்று கேட்கிற, வீட்டுக்காரியின் முறைப்பு. என் பட்டறையில் இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் அப்படி முறைத்ததில்லை. நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறந்தோம்.