கதவுகளுக்கு எண் எழுதிய படை

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவரைக் கமாண்டர் என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பும் இருக்கும். அவர் எந்தப் பட்டாளத்திலும் இருந்தவர் இல்லை. பஸ் டிப்போவில் பெயின்ட் பிரிவில் வேலை. பஸ்களின் நெற்றியிலும் முதுகிலும் எண் எழுதுவார். நான் அதே டிப்போவில் பாட்டரி பிரிவு. என் அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு மாமா. அவர் வீட்டு மாடியிலேயே நான் குடியிருந்ததால் அவர் அடித்த கூத்தெல்லாம் எனக்கு முன்வரிசையில் இருந்து பார்க்கக் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலமானால் டிப்போவுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வரிசையில் நிறுத்திவிடுவார். இளந்தொண்டர் படை என்று பெயர். ஆளுக்கொரு நீலத் துண்டு கழுத்தில். கொடியேற்றம், உறுதிமொழி, கொஞ்சம் அணிவகுப்பு. அதற்குப் பிறகு வேலை. தெருமுனைக் குப்பையை அள்ளுவார்கள், பஸ் நிலையத்துக் குழாயடியைப் பாசி போகத் தேய்ப்பார்கள், பெரிய ரோட்டில் வயதானவர்களைக் கைபிடித்துக் கடக்கவைப்பார்கள். ஒருமுறை ரோட்டைக் கடக்கவே நினைக்காத ஒரு பெரியவரையும் விடாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். வண்டி நிற்காத அந்த ரோட்டில் திரும்பி வர வழியில்லாமல் மனுஷன் நின்று திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "நாடே இவர் தோள்லதான் நிக்குதுன்னு நெனப்பு. முதல்ல நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுது, அதைப் பாருங்க."

மாமா கோபப்படமாட்டார். "கொடியைப் பாத்து நெஞ்சை நிமித்துறது யாரு வேணா செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரன் கஷ்டத்துக்கு ஓடணும். நாட்டுப்பற்றுன்னா அதுதான். அதைச் சின்ன வயசுல சொல்லிக் குடுத்தாத்தான் ஒட்டும்," என்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் ஊர்ப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று வாயுள்ளவர்கள் பேசினார்கள். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படையில் முக்கால்வாசிப் பேர் வாய்க்கால் கரைப் பிள்ளைகள். கரையை ஒட்டித் தகரம் போட்ட வீடுகள், ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். சந்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கிருந்து வருகிறவர்களில் மாமாவுக்கு ரொம்பப் பிடித்தவள் ஒரு பெண். வரிசைக்கு முன்னால் நின்று ஊதல் ஊதுவது அவள் பொறுப்பு என்பதால் விசில் என்றே கூப்பிட்டோம். அவள் அப்பா, வீட்டு வாசலிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மா இல்லை. ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவளுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வண்டி சந்து தெரியாமல் கரைமுனையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டைக் கண்டுபிடித்து வந்தபோது ஏற்றுவதற்கு உயிர் இல்லை.

ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு நகராட்சி ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி பிள்ளைகளின் அணிவகுப்பை முழுதாக நின்று பார்த்தார். கை தட்டினார். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கரை வீடுகளுக்கு நம்பர் இல்ல. ஆம்புலன்ஸ் போனாலும் சரி, தீயணைப்பு வண்டி போனாலும் சரி, வீடு தெரியாம திண்டாடுது. உங்க பிள்ளைங்க ஒவ்வொரு கதவுலயும் வரிசையா நம்பர் எழுதிக் குடுத்தா பெரிய சேவை," என்றார் அதிகாரி.

அதற்கு முன்னால் நகராட்சி ஆட்கள் எண் எழுத வந்தபோதெல்லாம் கரைக்காரர்கள் உள்ளேயே விட்டதில்லை. பெண்கள் துடைப்பத்தோடு சந்துமுனையில் நிற்பார்கள். இது மாமாவுக்குத் தெரியாததில்லை. "அது சும்மா பயம். காக்கிச்சட்டையைப் பாத்தா வர்ற பயம். நம்ம பிள்ளைங்க போனா புரிஞ்சுக்குவாங்க," என்று அக்காவிடம் சொன்னார். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. அப்போதே சந்தேகப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை.

மாமா தகரத்தில் எண்களை வெட்டி அச்சுத் தகடு செய்தார். ஒரு பிள்ளை தகட்டைக் கதவில் அழுத்திப் பிடிக்கும், இன்னொன்று பஞ்சில் பெயின்டைத் தொட்டு ஒற்றும். மாமா கரைமுனையில் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்துகொண்டார். பெரியவர்கள் யாரும் கூடப் போகக் கூடாது, பிள்ளைகளே பேசிச் சம்மதம் வாங்கவேண்டும், அப்போதுதான் பொது வேலை பழகும் என்பது அவருடைய முறை. துடைப்பத்தோடு நின்ற பெண்கள் என்ன செய்வார்கள்? கழுத்தில் நீலத் துண்டோடு நிற்பது அவரவர் பெற்ற பிள்ளை அல்லவா? கதவுகள் திறந்தன.

விசிலின் அப்பா மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார் என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள். "இத்தனை நாள் நம்பர் இல்லாம நாம தொலைஞ்சா போயிட்டோம்?" என்று கேட்டாராம். "அம்மாவுக்கு வந்த வண்டி தொலைஞ்சு போச்சேப்பா," என்றாளாம் இவள். அவர் கதவில் சாய்த்துவைத்திருந்த சைக்கிள்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விலகி நின்றாராம்.

கதவெல்லாம் எண் ஏறியதும் அதிகாரி வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த மாதம் மாமா நடந்த நடையைப் பார்க்கவேண்டும். தரையில் கால் பாவவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் டிப்போவுக்கு ஆள் ஓடி வந்தது. கரையில் இடிக்கிறார்கள். மாமா கையில் பெயின்டோடு அப்படியே ஓடினார், நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போனபோது முதல் வரிசை தரைமட்டமாகிவிட்டது. ஒருவன் ஒலிபெருக்கியில் எண்ணைப் படிக்கிறான். போலீஸ் அந்தக் கதவில் போய் நிற்கிறது. ஆட்கள் பாத்திரம் பண்டத்தை வெளியே வீசுகிறார்கள். இடிக்கிற இயந்திரம் கையை இறக்குகிறது. சந்து சந்தாகத் தடுமாற வேண்டிய இடத்தில் வரிசை பிசகாமல் வேலை நடந்துகொண்டிருந்தது.

மாமா அதிகாரியைத் தேடிப் பிடித்தார். "ஆம்புலன்ஸுக்குன்னு சொன்னீங்களே சார்."

"அப்ப எனக்கு மேல இருந்து அப்படித்தான் சொன்னாங்க, கமாண்டர். எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒண்ணு, உங்க பிள்ளைங்க வேலை சுத்தம். ஒரு வீடு விட்டுப்போகல. எங்க ஆளுங்களை வெச்சு எழுதியிருந்தா இந்த வருஷம் முடிஞ்சிருக்காது." அந்த ஆள் கிண்டல் செய்யவில்லை, மனதாரப் பாராட்டினார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண் தன் மகனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரியை அடிக்க முடியாது, இயந்திரத்தை அடிக்க முடியாது. "நீதானேடா கதவைத் தொறக்கச் சொன்ன," என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவன் கழுத்தில் அந்த நீலத் துண்டு. மாமா குறுக்கே போய் விழுந்து தடுத்தார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை.

சாயங்காலத்துக்குள் எல்லோரையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு யாரும் வரவில்லை. மாமா மட்டும் போய் நின்றுவிட்டு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஒழுகுகிற குழாயை யாரும் சொல்லாமல் ஒரு நாள் உட்கார்ந்து சரிசெய்தார். அதைப் பார்த்து அக்கா அழுதாள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. எண் எழுதிய பிள்ளைகளைப் பொட்டலில் எல்லோரும் காட்டிக்கொடுத்த கூட்டம் என்று சொல்கிறார்களாம். விசிலோடு யாரும் பேசுவதில்லையாம், தண்ணீர் பிடிக்கப் போனால் அவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைக்கிறார்களாம்.

"என்னை என்ன வேணா சொல்லட்டும். பிள்ளையை எப்படிடா சொல்லலாம்?" என்றார் மாமா. "நான் போறேன். எல்லார் முன்னாலயும் தப்பு என்னோடதுன்னு சொல்றேன். அடிச்சாலும் வாங்கிக்கறேன். அவ மேல இருக்கறதை எறக்கி வெச்சுட்டு வந்துடறேன்." வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நானும் கூடப் போனேன்.

தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்துப் போனோம். குடங்களோடு நின்ற கூட்டத்தின் முன்னால் போய் மாமா கைகூப்பினார். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதச் சொன்னது நான். தகடு வெட்டிக் குடுத்தது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. ஒரு அம்மாள் மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வந்து கேட்டிருந்தா நாங்க ஏன்யா தொறக்கப்போறோம்?" லாரி வந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

விசிலின் அப்பா பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே இருந்து வந்தாள். மாமாவைப் பார்த்ததும் பழக்கத்தில் கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றாள்.

"தப்பு என்னோடதும்மா," என்றார் மாமா. "நீ நான் சொன்னதைத்தான் செஞ்சே. நீ எதையும் மனசுல வெச்சுக்கக் கூடாது."

"இல்ல சார்." குரலில் அழுகை இல்லை. மைதானத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "நிறைய வீட்டுல வேணாம்னுதான் சொன்னாங்க. நான் விடல. எங்கம்மா எப்படிச் செத்துச்சுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னேன். சொன்னதும் தொறந்துட்டாங்க. அதை நீங்க சொல்லிக் குடுக்கல சார். நானாத்தான் செஞ்சேன்."

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பேசியே பழகிய மனுஷன், ஒரு பிள்ளைக்கு முன்னால் சொல் கிடைக்காமல் நின்றார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். விறைப்புக் குறையவில்லை.

கடைசியில் அவள் அப்பாதான் டியூபைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். மகளின் தோளைப் பிடித்து மெதுவாகக் கீழே உட்காரவைத்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"போயிட்டு வாங்க சார். அவ கொஞ்சம் உக்காரட்டும்."