அக்கா கொடுத்த முடியும் போட்ட அப்பீலும்

மலையேறி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத பழனியாண்டவரை வணங்கி, எங்கள் அக்கா அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். குறையிருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது வில்பட்டியில். பூண்டுக் காட்டில் வளர்ந்து, பெருமாள்மலையில் வாழ்க்கைப்பட்டார்கள். லாரி ஓட்டிய அத்தானுக்கு அடிபட்டு இடுப்பு போன பிறகு, கொடைக்கானலில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார்கள். குடும்பம் அதில்தான் நடந்தது.

ஒரு சமயம் மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தால் முடி தருவதாக அக்கா வேண்டிக்கொண்டார்கள். பிழைத்தது. லீவு சொல்லிவிட்டுப் பழனிக்குப் போனார்கள். விடுதிச் சமையல்காரர் பரமசிவம் அண்ணனும் அதே பஸ்ஸில் வந்து மொட்டை போட்டுக்கொண்டார். மறுநாள் இருவரும் தலையில் சந்தனத்தோடு வேலைக்குப் போய் நின்றார்கள்.

மேனேஜர் அக்காவை மட்டும் சமையல்கட்டு வாசலில் நிறுத்தி, "பொம்பள மொட்டத்தலையோட நின்னா வர்ற குடும்பங்க முகஞ்சுளிக்கும். நீ இனிமே வரவேண்டாம்" என்றார்.

"அண்ணன் தலைய வழிச்சதும் அதே கத்திதானுங்களே" என்றார்களாம் அக்கா. அண்ணன் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அக்கா வழக்குப் போட்டார்கள். லீவு சொல்லாமல் வேலைக்கு வராததால் நீக்கினோம் என்றது விடுதி. மேனேஜர் பேசியதைக் காதால் கேட்டவர் அண்ணன் ஒருவர்தான். அவர் சாட்சிக்கு வரவில்லை. வழக்கு தள்ளுபடியாயிற்று.

"போதும்க்கா. இல்ல, அப்பீல் ஜெயிக்கணும்னா இன்னொரு முடி வேண்டிக்க" என்றேன் நான்.

"ஏலே, பிள்ளைய சாமிகிட்ட கேட்டேன், குடுத்துட்டாரு. ஞாயத்தையும் அவரே வந்து குடுக்கணும்னா கோர்ட்டு எதுக்குக் கெடக்கு? வக்கீலய்யாகிட்ட வெரசா போ."

அப்பீல் போட்ட சேதி பரவியது. ஒருநாள் வெள்ளனே பரமசிவம் அண்ணன் தம் சம்சாரத்தோடு வாசலில் வந்து நின்றார். அந்த மதினிக்கு அதே விடுதியில் துணி துவைக்கிற வேலை.

"எனக்கும் முடி வேண்டுதல் ஒண்ணு நிக்கிதுங்க. உங்களுக்கு ஆனத பாத்து, வேலை போயிருமேன்னு தள்ளித் தள்ளிப் போடுறேன். சாமிக்கு என்ன பதில் சொல்ல?" என்று மதினி அழுதார்.

"நான் கோர்ட்டுக்கு வந்து சொல்றேன் தங்கச்சி" என்றார் அண்ணன் அக்காவிடம்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அன்னைக்கு அப்படிப் பாத்தீங்களே, அந்த அடுப்பு இன்னும் எரியுதாண்ணே?" என்று கேட்டுவிட்டு, காப்பி போட எழுந்தார்கள்.

அண்ணன் சொல்லையும் கேட்டு மறுபடி விசாரிக்க வேண்டும் என்று மேல்கோர்ட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. இந்தத் தடவை அண்ணன் கூண்டேறி, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். ஆண்டவன் அருளால் அக்காவுக்கு அதே வேலை திரும்பக் கிடைத்தது. உடம்பு முடிந்த வரைக்கும் பார்த்தார்கள். கடைசியில் மூச்சிரைப்பு வந்து, எந்தப் பிள்ளைக்காக முடி கொடுத்தார்களோ அந்தப் பிள்ளையின் மடியிலேயே போன வருடம் கண்மூடினார்கள்.

தோற்ற வழக்கைக் கைவிடாத வக்கீலய்யாவுக்கும், மருந்து கொடுத்த டாக்டருக்கும், கூட இருந்து தூக்கிப்போட்ட பெருமாள்மலைக்காரர்களுக்கும் எங்கள் கும்பிடு. பரமசிவம் அண்ணனுக்கும் மதினிக்கும் தனியாக ஒரு கும்பிடு. அக்கா வேலைக்குத் திரும்பிய வாரமே மதினி பழனிக்குப் போய்வந்தார். சந்தனத் தலையோடு அதே மேனேஜர் முன்னால் துணி மூட்டையை இறக்கி வைத்தார். பக்கத்தில் அக்கா நின்றார்கள். மேனேஜர் துணியை எண்ணி வாங்கிக்கொண்டார்.