பிரதம அதிதிக்கு எரிந்த விளக்குகள்

அக்கா பெட்மின்டன் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டாள் என்றதும் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேர் நுவரெலியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். சித்தி ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அன்றைய விழாவைப் படமெடுக்கும் வேலையும் அவருக்கே வந்திருந்தது. அக்காவின் படம் பேப்பரில் வரும் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அரங்குக்குள் போனால் மாட்டுப்பட்டி போல மங்கிய வெளிச்சம். கூரையில் பெரிய விளக்குகள் வரிசையாகத் தொங்கின. ஓரத்தில் சில மட்டுமே எரிந்தன. அவையும் கண்ணுக்குத் தெரியாமல் துடித்தனவோ என்னவோ, ஒரே சுவர் சித்தியின் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் பச்சையாகவும் விழுந்தது. அக்கா பாய்ந்தால் அவள் கை புகையாய்க் கலைந்தது. கமெராவின் வேகத்தைக் கூட்டினால் படமே கறுத்தது. ப்ளாஷ் போட்டால் ஆடுகிறவர்களுக்குக் கண் கூசும், அதற்கு அனுமதியில்லை.

சித்தி ஏற்பாட்டாளரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“சேர், மத்த லைட்டையும் போட்டீங்கன்னா பிள்ளைங்க முகம் தெரியும்.”

“பிரதம அதிதி வந்ததும் போடுவோம். இப்ப எதுக்கு?”

“ஆடுறது இப்பதானே, சேர்?”

அவர் அதிதிக்குப் போடும் மாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த அரையிருட்டில் இறகுப்பந்தைத் தேடித் தேடி அடித்துத்தான் அக்கா வென்றாள். அவளுடைய கடைசி அடி சித்தி எடுத்த படத்தில் ஒரு பச்சைக் கோடாக மட்டுமே இருக்கிறது.

அதிதி வந்தார். விளக்குகள் மெல்லச் சூடேறி அரங்கம் பட்டப்பகலானது. ஆட ஒருவருமில்லாத தரை பளபளத்தது. அவர் வெற்றிக் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டியபடி கமெராவையே பார்த்து நின்றார். “அதிதி முகம் நல்லா வரணும்” என்று ஏற்பாட்டாளர் சித்தியின் காதோரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

படங்கள் வந்தன. வியர்வையில் முடி ஒட்டி, பொட்டுக் கரைந்து, அக்கா சிரிக்கிறாள். அவ்வளவு தெளிவு. அதிதி இருக்க வேண்டிய இடத்தில், மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் கிண்ணத்தைப் பிடித்திருக்கிறது. எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஏற்பாட்டாளர் ஸ்டூடியோவுக்கே வந்து சத்தம் போட்டார். அதன்பிறகு முதலாளி சித்தியை விழாக்களுக்கு அனுப்பவில்லை. பேப்பரிலும் எதுவும் வரவில்லை.

வகுப்பில் என் மானம் போயிற்று.

“ஏன் சித்தி அவர எடுக்கல?” என்று அழுதேன்.

“எடுத்தேனே. கை இருக்குல்ல?”

பாவம், சித்திக்கு அளவு பார்த்து நிற்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால் ஆள் முழுசாகப் படத்தில் விழுவார் என்று சொல்லியும் கொடுத்தேன். சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.