களிமண் பள்ளத்து நீச்சல்

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைக்கு மண் வெட்டின பள்ளம் ஒன்று, மழைத்தண்ணீர் நின்று குளமாகிக் கிடந்தது. அங்கேதான் வீரம்மா தன் ஏழு வயசு மகள் தங்கமணியைக் கூட்டிப்போவாள். கிள்ளான் ஆறு பெருகி, ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குள் புகுந்த வருசம் மூத்த பையனை வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான். இதையும் தண்ணிக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவளுக்கு வைராக்கியம். பொட்டப்பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு என்று லயத்துப் பெண்கள் வாயைக் கோணினார்கள். கோணட்டுமே, வாய் அவர்களுடையது.

கரையோரம் இடுப்பளவுதான் ஆழம். பிள்ளையின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, தவளை மாதிரி காலை அடி தாயி என்பாள். அடிக்கிற அடியில் ஆத்தாள் முகமெல்லாம் தண்ணீர். சிரித்துச் சிரித்துப் பிள்ளைக்கு விக்கலே வந்துவிடும். உதடு நீலம் பாரித்தாலும் கரையேறாது. ஒருநாள் மெல்லக் கையை எடுத்துப் பார்த்தாள். ரெண்டு முழம் தானாகவே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருசன் கன்னையா கள்ளுக்கடையிலிருந்து வருகிற வழியில் கரையில் நின்றான். தண்டவாளத்துக்கடியில் கட்டை மாற்றுகிற ஆள், கை இரும்பு.

"ஏன்டி, தொட்டில்ல போட்டு ஆட்டுறியா? எங்கப்பன் என்னைக் கெணத்துல தள்ளிவிட்டான். அடியை ஒதைச்சு மேல வந்தேன். அதுக்குப் பேரு நீச்சல்."

வேண்டாம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையைப் பிடுங்கி ஆழத்தில் எறிந்துவிட்டான்.

அவன் ஊர்க் கிணற்றில் அடி பாறை, உதைத்தால் மேலே தள்ளும். இங்கே அடியெல்லாம் களி. உதைத்த கால் முழங்கால்வரை புதைந்துகொண்டது. மேலே வந்தது குமிழிதான். வருவா, வருவா என்று அவன் சொல்லிக்கொண்டே நின்றான். வீரம்மா சேலையோடு பாய்ந்தாள். முடியைப் பிடித்து இழுத்தால் களி விட்டால்தானே. காலைத் தோண்டித்தான் எடுத்தாள். வாயிலும் மூக்கிலும் மண். குப்புறப் போட்டு முதுகில் அடித்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

"சாகலையே," என்றான் அவன்.

அதற்கப்புறம் செம்பில் தண்ணீர் மொண்டாலே பிள்ளை மூலையில் ஒண்டியது. வீரம்மா விட்டாளா? அழ அழ இடுப்பில் வைத்துக்கொண்டு அதே பள்ளத்துக்குத் தினமும் போனாள். அதுவும் இரக்கமில்லாத வேலைதான், பெற்றவளே செய்தாள். நீச்சல் வந்தது. சிரிப்பு வரவில்லை.

மகள் நீந்துகிறாள் என்று தெரிந்ததும் கன்னையா கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"நான் தள்ளுன தள்ளுல வந்த நீச்சலுப்பா இது."

தங்கமணி அவனைப் பார்த்தாள். திரும்பி, தலையைத் தூக்காமல் நீந்தி, அக்கரையில் ஏறிச் சூளைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்குத் தொண்டை கட்டிப்போனது. எல்லாரும் போன பிறகு வீரம்மாதான் நீந்திப் போய்க் கூட்டிவந்தாள்.