தறிக்குழியில் போர்தோ ஒயின்

என் நாத்தனாரின் கணவர் பிரான்சில், போர்தோ பக்கத்து ஓட்டல் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். வேலையை முடித்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குத் திரும்பியபோது மூன்று ஒயின் பாட்டில்களைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துவந்தார். மூன்றும் ஒரே தோட்டத்துத் திராட்சை. வருடம்தான் வேறு: தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றாறு. ஒரே பத்தாண்டுக்குள் விளைந்த இந்த மூன்றையும் நன்றாகப் பழசாக விட்டு, ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில்தான் இருந்தது. கெட்டால் கெட்டதுதான்.

பாண்டிச்சேரியில் அவர்களுக்கு மொட்டைமாடிக்குக் கீழே வீடு. அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆரணியில் எங்கள் வீட்டு முன்கட்டில் என் கணவர் தறி போட்டிருக்கிறார். நெய்பவர் கால் தொங்கவிட்டு உட்காரும் அந்தக் குழி சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். "அங்க ஒரு ஓரமா படுக்க வெச்சுக்கலாமா?" என்று அவர் கேட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் தறிக்குக் கற்பூரம் காட்டுகிற என் மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் கேட்டது மாப்பிள்ளை. மறுக்க முடியாது. "மாப்ளயோட டானிக்கு" என்று ஒரு பெயர் வைத்து உள்ளே விட்டார்.

பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்றேன். யாரும் ஏற்கச் சொல்லவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனில் படிப்பேன். ஒயினுக்கு ஆட்டம் ஆகாது என்று ஒரு நாள் படித்துவிட்டு, கணவரிடம் போய்க் கொஞ்சம் மெல்ல நெய்யச் சொன்னேன்.

"ஒயினுக்காக மெல்ல அடிச்சா பொடவ சல்லடையாட்டம் வரும். பரவால்லியா?" என்றார்.

ஆனால் நான் போனில் தேடிப் பார்க்காத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் குலுக்காமல் விட்டால் பூசணம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் வாராவாரம் தறியைத் துடைக்கும்போது மூன்று பாட்டில்களையும் எடுத்துப் புரட்டிப் புரட்டி வைத்தேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கும் என்றே தோன்றவில்லை.

நாத்தனார் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பாட்டில்களைத் திறக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக அண்ணன் போன் செய்தபோது இதைப் பெருமையாகவே சொன்னேன்.

"எத்தினி நாளா பண்ணிகினு இருக்கம்மா?"

"வெச்சதுலேருந்துண்ணா."

"அடியில வண்டல் நிக்கும்மா. அது அசையவே கூடாது. இப்பவே எடுத்து நிக்க வெச்சுடு. அப்புறம் தொடாத."

நிற்க வைத்தேன். தொடவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கரும்பச்சைக் கண்ணாடிக்குள் எதுவும் தெரியாது, இருந்தாலும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒருவர் காத்திருந்ததை நான் ஊறுகாயாக்கிவிட்டேனோ?

ஞாயிறு காலை அண்ணன் துண்டில் சுற்றிய மூன்று கண்ணாடிக் கோப்பைகளோடு வந்தார். "டியூப் லைட்ல பட்டு கலர் பாத்தாலே ஏமாந்துடுவோம். வாசல்ல வெச்சுப் பாக்கலாம்" என்றார் என் கணவர். தெருவே பார்க்கும் என்று மாமியார் சத்தம் போட்டதால் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லின் மேல் வெள்ளை வேட்டியை விரித்தோம். அண்ணன் ஒவ்வொரு பாட்டிலாகச் சாய்க்க, என் கணவர் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாமா, மண்ணு வருது" என்று சரியான இடத்தில் நிறுத்தினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வண்டல் இறங்கித்தான் இருந்தது.

முதலில் தொண்ணூற்றிரண்டு. செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. புளித்த வாடை. அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"போயிடுச்சு" என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "நீ ஒண்ணும் பண்ணலம்மா. அது மழ வருஷம். அந்த ஊர் பாதாள அறையிலயே வெச்சிருந்தாலும் செத்திருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. அவர் நல்ல மனிதர், அப்படித்தான் சொல்வார்.

அடுத்தது தொண்ணூறு. நடுவில் அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். அண்ணன் வாயில் வைத்துக் கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் மூடியிருந்தார் என்று தெரியவில்லை. நான் குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல, அது சிணுங்கியது.

"நல்லா இருக்கு" என்றார் மெதுவாக. "ரொம்ப நல்லா இருக்கும்மா."

அப்போதுதான் நான் கோப்பையைக் கேட்டேன். பால் கொடுப்பதால் குடிக்க மாட்டேன், முகர்வேன். சூடு ஆறாத பேரீச்சம்பழம், காய்ந்த அத்தி, ஏதோ தோல் பை. மூக்கை எடுக்க மனம் வரவில்லை. வெயில் வருடமா என்று கேட்டேன். "ஆமா, கொளுத்துன வருஷம். எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார். எப்படியென்று எனக்கே தெரியாது.

தொண்ணூற்றாறை ஊற்றியபோது நான் கையை முதலிலேயே நீட்டிவிட்டேன். மற்ற இரண்டையும்விடக் கறுப்பு, ஓரம் இப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது. முகர்ந்தேன்.

"பென்சில் சீவுன தூள்" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார். "அந்த ஊர்க்காரங்க இதையேதாம்மா சொல்லுவாங்க."

மாமியார் முந்தானையால் மூக்கை மூடியபடி பக்கத்தில் வந்திருந்தார். "இங்க காட்டு, அப்படி இன்னாதான் வாசன வருதுன்னு பாப்போம்" என்று முந்தானையை விலக்கினார். முகர்ந்தார். "டானிக்கேதான்" என்று நகர்ந்தார். ஆனால் போகவில்லை.

அண்ணன் ஒரு மிடறு குடித்து, தொண்ணூற்றாறுதான் சிறந்தது என்றார். முதுகெலும்பு உள்ள ஒயின், இன்னும் பத்து வருடம் நின்றிருக்கும் என்றார்.

"இல்லண்ணா, தொண்ணூறு" என்றேன்.

என் கணவர் திரும்பிப் பார்த்தார். சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்றுகூட இரண்டு தடவை அவரைக் கேட்பவள் நான்.

"குடிக்காமயே சொல்றியே" என்றார் அண்ணன்.

"தொண்ணூத்தாறு இன்னும் பேச ஆரம்பிக்கலண்ணா. அதுக்காக நாம காத்துகினு இருக்கணும். தொண்ணூறு சொல்ல வேண்டியத சொல்லுது. இன்னிக்குத் தொறந்தோம், இன்னிக்கு எது நல்லா இருக்குன்னுதான பாக்கணும்?"

குழந்தை கோப்பையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. விலக்கிவிட்டு மறுபடி முகர்ந்தேன், இதை, பிறகு அதை, பிறகு இதை. பதில் மாறவே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், கையிலிருந்த தொண்ணூற்றாறைக் கல்லின் மேல் வைத்தார், தொண்ணூறை இன்னொரு தடவை எடுத்தார்.