அந்தோனியார் கோயிலில் ஆறு மணிக் கல்யாணம்

கில்லெர்மின் என்ற பெயரை நான் முதலில் கேட்டது வளையல்காரன் வாயிலிருந்து. கோவாவை விட்டுப் போர்த்துகீசியன் போன மறுவருஷம் அது. என் நாத்தனாருக்கு வளையல் போட வந்தவன், "அக்கரையில நேத்து ஒரு பொண்ணுக்குப் போட்டேன். கை எலும்பு நொறுங்குற மாதிரி அமுக்கிறேன், மூச்சு விடலியே! கில்லெர்மினாம். உங்க செவெரின் கெழவி மகனுக்குத்தான் வருது. கெழவிக்கு ஏத்த மருமக" என்று சிரித்தான். செவெரின் என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவளை அறிந்த எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

செவெரினுக்கு ஒரே மகன், இனாஸ். கப்பலில் சமையல் வேலை. கல்யாணமாகி ஏழாம் மாதம் பம்பாய் போய்க் கப்பல் ஏறினான். மறுவருஷம் மழைக்கு முன்னால் கப்பல் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. வாத்தியார் படித்துச் சொன்னார்: மேல்தட்டுக்குப் போனவன் திரும்பவில்லை, இரண்டு நாள் கடலைச் சுற்றித் தேடியும் கிடைக்கவில்லை, இறந்துபோனதாகவே கொள்கிறோம். செவெரின் காதில் விழுந்தது நடுவிலிருந்த ஒரு வார்த்தைதான்.

"கெடைக்கலன்னா தேடணும்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள்.

மேட்டில் இருப்பது அந்தோனியார் சிற்றாலயம். முந்நூறு வருஷத்துச் செம்புரைக்கல் சுவர். இருபது பேர் உள்ளே நின்றால் அடுத்தவர் வாசலில்தான். அதன் சாவி செவெரின் குடும்பத்தில் தலைமுறையாக இருந்தது. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பதால் ஊரில் ஆடு காணாமல் போனாலும் அங்கேதான் மெழுகுவத்தி எரியும். கிழவி கடிதத்தை அவர் சுரூபத்தின் காலடியில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தாள். எட்டு வருஷம் அது அங்கேயே இருந்தது.

இனாஸுக்குத் துக்கப் பூசை வைக்கவில்லை. எங்களில் புருஷன் செத்தால், பெண் சவப்பெட்டி மேல் கையை அடித்து வளையல்களை உடைப்பாள், அன்றிலிருந்து கறுப்பு உடுத்துவாள். பெட்டியே வராதபோது எதன் மேல் அடிப்பது? கில்லெர்மின் கையில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தன. ஒன்று விரிசல் விட்டாலும் மறுநாளே கிழவி வளையல்காரனுக்கு ஆள் அனுப்பிவிடுவாள். தாய்வீட்டில் மூன்று அண்ணன்மார், மூன்று அண்ணிமார். வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

ரொட்டிக்காரன் தியோகு பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று. தினமும் காலையில் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு ரொட்டி கொடுப்பான்.

"என்ன, ரெண்டு கூட வெச்சிருக்கே?"

"கெழவி தின்னட்டும். தின்னுற நேரமாவது வாய் மூடியிருக்கும்ல."

அப்படி ஒரு வருஷம் பேசினார்கள். பிறகு ஒருநாள் சைக்கிளைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே கேட்டான். அவள் மறுநாள் சரி என்றாள்.

பங்குச் சாமியார் நல்லவர். "அந்தக் கப்பல் கடுதாசி வேணும்மா. மேற்றிராணியாருக்கு, அதான் பிஷப்புக்கு, அனுப்பி இனாஸ் செத்துட்டான்னு எழுதி வாங்கணும். அதுவும் விபூதிப் புதனுக்கு முன்னாடி. தவக்காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கெடையாது" என்றார்.

கில்லெர்மின் எல்லாவற்றையும் யோசித்து வைத்தாள். பெரிய கோயில் வேண்டாம், ஊரே முதுகைப் பார்க்கும். மேட்டுச் சிற்றாலயத்தில், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. பதினோரு பேர். வாத்தியம் இல்லை. தியோகுவின் அக்காவும் அத்தானும் சாட்சி. வெள்ளை உடுப்பு கூடாது என்று மாப்புசா சந்தையில் சாம்பல்நீலத் துணி எடுத்தாள். வௌவால் எச்சத்தைச் சுரண்டி, சுவருக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தாள்.

விளக்கேற்ற வந்த செவெரின் வாசலில் நின்றாள். "எதுக்குடி இப்ப சுண்ணாம்பு? திருநாளுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு."

கில்லெர்மின் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டாள். மாமியாரை அவள் மாய் என்றுதான் கூப்பிடுவாள். "மாய், எனக்கு அந்தக் கடுதாசி வேணும்."

"எதுக்கு?"

"தியோகு கேட்டிருக்கான். இங்கியே, காலையில, சத்தமில்லாம முடிச்சுக்கிறோம்."

கிழவி கத்துவாள் என்று கில்லெர்மின் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "உனக்குக் கல்யாணம் ஆவணும்னா என் மகன் சாவணும். அப்படித்தான?"

"அவரு போயி எட்டு வருஷம் ஆச்சு, மாய்."

"உனக்குப் போயிட்டான். எனக்கு இல்ல."

இரண்டு வாரம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். கல்லைத் தூக்கிக் கடிதத்தை எடுத்துவிட கில்லெர்மினுக்கு ஒரு நிமிஷம் போதும். அவள் எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் கிழவியே கடிதத்தோடு சாமியார் வீட்டுக்குப் போய் நின்றாள். ஒரு ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது.

"இந்தாங்க சாமி. ஆனா மொதல்ல என் மகனை அடக்கம் பண்ணணும். பெட்டி வெச்சு, மணியடிச்சு, மேட்டுக் கோயில்ல. அப்புறம் இதை யாருக்கு வேணா அனுப்புங்க."

கேட்ட கில்லெர்மினுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டிக்கு அவளே ஆசாரியிடம் ஓடினாள்.

"ஆளில்லாத பெட்டிக்கு என்னம்மா அளவு எடுக்கிறது?"

"உன்னைவிட ஒரு சாண் ஒசரம் அவரு" என்றாள்.

பெட்டிக்குள் இனாஸின் கல்யாணக் கோட்டை மடித்து வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பாதிப் பேர் வெயிலில் நின்றோம். பூசை முடிந்ததும் கில்லெர்மின் பெட்டி மேல் கையை அடித்தாள். வளையல் உடையவில்லை. கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓங்கி அடித்தாள். பச்சையும் மஞ்சளும் பலகை மேல் சிதறின, கொஞ்சம் ரத்தமும். பிறகு கிழவி கக்கத்திலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே கறுப்பு உடுப்பு, புதிதாகத் தைத்தது, கில்லெர்மினின் அளவுக்கு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்றுவரை அவள் கடலோடியின் மனைவி. இன்று புருஷனை அடக்கம் செய்த விதவை. ஊர் வழக்கத்தில் விதவைக்கு ஒரு வருஷம் துக்கம். அந்த வருஷத்தில் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. எட்டு வருஷம் அவள் தனியாக இருந்ததை ஊரே பார்த்திருந்தும் அது கணக்கில் வராது. ஊர் பார்த்த பெட்டி இதுதான்.

விபூதிப் புதனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மேற்றிராணியாரின் தாள் வந்தது. தடையில்லை என்று எழுதியிருந்தது. தியோகுவின் அக்காதான் மாட்டேன் என்றாள். "போன வாரம் பெட்டி வெச்ச எடத்துல இந்த வாரம் மோதிரம் மாத்துறதா? நா சாட்சி நிக்க மாட்டேன்டா. வருஷம் கழியட்டும்." சாமியார் சாட்சிக்கு வேறு நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் கேட்டார். என் மாமனார் கையை விரித்தார். நான் அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்தேன், வெளியே வரவில்லை.

கில்லெர்மின் மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான். எட்டு வருஷம் என் மகனுக்குப் பொண்டாட்டியா இருந்தே. ஒரு நாளாவது அவனுக்காகக் கறுப்பு கட்டுனியா? ஒரே ஒரு வருஷம் கேட்டேன். அவ்வளவுதான்."

"கேக்கலியே மாய். எடுத்துக்கிட்டீங்க."

தியோகு வேலியோரம் வந்து நின்றான். "ஒரு வருஷம்னா பாப்பாவுக்குத் தலை வாருறது யாரு, கில்லெர்மின்?"

"நா வந்து வாரி விடுறேன்."

"கறுப்போடயா? அக்கா வாசப்படி ஏத்த மாட்டா." அவன் அழுதான் என்பதும் உண்மை. ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வாரம் அஸ்ஸகாவ் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பெரிய கோயிலில் வாத்தியத்தோடு கட்டினான் என்பதும் உண்மை.

மகனை அடக்கம் செய்த பிறகு செவெரின் மேட்டுக்கு ஏறவே இல்லை. தேட ஒன்றும் இல்லாமல் போனதும் அவளுக்குக் கால் விழுந்துவிட்டது. பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தாள். கழுவியதும் ஊட்டியதும் கில்லெர்மின்தான். துக்க வருஷம் கழிந்த அன்றும் அவள் கறுப்பைக் கழற்றவில்லை, கழற்று என்று சொல்லவும் யாரும் இல்லை.

கில்லெர்மினுக்கு இப்போது எண்பத்து மூன்று. மாப்புசாவில் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில், மாடியில், ஆறு கட்டில் போட்ட அறையில் இருக்கிறாள்.